தோண்டிப் பார்த்தாச்சு

பள்ளி மைதானத்தில் செயற்கைப் புல் போடும் வேலை தங்கள் கம்பெனிக்குக் கிடைத்தது என்று கேள்விப்பட்டதும், அதை எனக்கே கொடுங்கள் என்று சூப்பர்வைசர் வலியப் போய்க் கேட்டு வாங்கினார். பதினேழு வருஷமாக ரோடு போட்டவர், வண்டி நிறுத்தும் இடங்கள் போட்டவர். மைதானம் போட்டதில்லை. ஆனால் அவர் மகள் அந்தப் பள்ளியில்தான் எட்டாம் வகுப்பு படித்தாள். பெண்கள் கால்பந்து அணியில் வேறு இருந்தாள். அப்பா போட்ட மைதானத்தில் மகள் ஓடுவாள் என்ற நினைப்பே அவருக்கு ஒரு வாரம் தூக்கத்தைக் கெடுத்தது, சந்தோஷத்தில்.

அதுவரை அங்கே இருந்தது வெறும் மண் தரை. மழைக்காலம் வந்தால் மூன்று மாதம் சேறு, வெயில் வந்தால் புழுதி. பள்ளியால் தனியாகச் செய்ய முடியாத வேலை என்பதால் பக்கத்துக் கால்பந்து கிளப்பும் அந்தப் பகுதிக் குடியிருப்போர் சங்கமும் கூடச் சேர்ந்தன. பகலில் பிள்ளைகள், மாலையிலும் விடுமுறை நாட்களிலும் வெளியாட்கள் என்று பேசி முடித்து, மூன்று தரப்பிலிருந்தும் ஆட்களை எடுத்து ஒரு கமிட்டி போட்டார்கள். தலைவர், பள்ளியின் தலைமை ஆசிரியை.

புல் மைதானம் என்றால் மேலே பார்க்கிறவர்களுக்குப் பச்சை மட்டும்தான் தெரியும். சங்கதி முழுக்க அடியில். முதலில் மண்ணைச் சமமாக்கி, ரோலரை ஓட்டிக் கெட்டிப்படுத்த வேண்டும். அதற்கு மேலே ஒரு துணி, பிறகு இரண்டு அடுக்கு ஜல்லி, அடிபடாமல் தாங்க ஒரு ரப்பர் விரிப்பு, கடைசியாகத்தான் புல் கம்பளம். கம்பள இழைகளுக்கு நடுவில் மணலும் ரப்பர் துகளும் தூவுவார்கள். அடி மண் சரியில்லை என்றால் மேலே எதைப் போட்டாலும் வீண். சூப்பர்வைசருக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ரோட்டுக்கும் அதே கதைதான்.

மைதானத்தைப் பார்த்துக்கொண்டது ஒரு பெண்மணி. ஐம்பதை நெருங்கும் வயது. கழுத்தில் எப்போதும் ஒரு விசில் தொங்கும். யாராவது மைதானத்துக்குள் சைக்கிளை விட்டால் போதும், நாலு தெருவுக்குக் கேட்கிற மாதிரி ஊதுவார். பள்ளியில் அவருக்கு விசில் அக்கா என்றே பெயர். டீச்சர்கள்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

வேலை தொடங்கிய மூன்றாவது வாரம் விசில் அக்கா சூப்பர்வைசரைத் தேடி வந்தார். நுழைவு கேட் பக்கத்து கோல் கம்பத்துக்கு இடது புறமாகக் கூட்டிக்கொண்டு போய்க் காலால் ஒரு வட்டம் போட்டுக் காட்டினார். முன்னாளில் அங்கே ஒரு கழிப்பறை இருந்ததாம். அதன் குழி இதற்கு அடியில்தான் இருக்கிறதாம். சூப்பர்வைசர் வரைபடத்தை விரித்துப் பார்த்தார். அப்படி எதுவும் அதில் இல்லை.

"வரைபடத்துல இருக்காது சார்," என்றார் அவர். "நான் வேலைக்குச் சேர்ந்த வருஷம்தான் அதை இடிச்சாங்க. குழியைத் தூர்த்துட்டோம்னு எழுதிக் கொடுத்தாங்க. இடிச்ச செங்கல்லையும் மண்ணையும் உள்ள தள்ளி மூடினதைத்தான் நான் பார்த்தேன். ஒருதடவை தோண்டிப் பார்த்துடுங்க."

பார்த்துவிடுகிறேன் என்றார் சூப்பர்வைசர். பார்க்க வேண்டும் என்றுதான் நினைத்தார். சாயங்காலம் ரோலரை அந்த இடத்தின் மேல் ஏற்றச் சொன்னார். மற்ற இடங்களில் தரை திண்ணென்று கிடந்தது. இங்கே மட்டும் உருளைக்கு அடியில் மண் அமுங்கி, அது நகர்ந்ததும் மெல்ல எழுந்தது. பஞ்சு மெத்தை மாதிரி. இன்னொரு தடவை ஓட்டச் சொன்னார். அதே அமுங்கல். ரோலர் டிரைவர் மேலிருந்தபடியே என்ன செய்ய என்பது போலக் கையை விரித்தார்.

வியாழக்கிழமை மழை என்று சொல்லியிருந்தார்கள். அன்று திங்கள். மறுநாள் விடிந்ததும் ஜல்லி லாரிகள் வரிசையாக வரப்போகின்றன. இந்த மூலையைத் தோண்டி, கிடப்பதை அள்ளி, அடுக்கடுக்காக நிரப்பி இறுக்க நாலு நாள் வேண்டும். அதற்குள் மழை பிடித்துவிட்டால் திறந்து கிடக்கும் மண் முழுவதும் களியாகிப் போகும். செய்த மூன்று வார வேலையும் போச்சு. மேனேஜருக்குப் போன் போட்டார். ஒரு மூலை கொஞ்சம் மெத்தென்று இருக்கிறது என்று மட்டும் சொன்னார். குழி என்ற சொல் அவர் வாயில் வரவில்லை. உன் இஷ்டம், ஆனால் திறப்பு விழாத் தேதி மாறாது என்று சொல்லி மேனேஜர் வைத்துவிட்டார்.

சூப்பர்வைசர் அன்று ராத்திரியே, ஏற்கெனவே வந்து கிடந்த ஜல்லியில் ஒரு லோடை அந்த இடத்தில் கூடுதலாகக் கொட்டி இறுக்கினார். மேலே பார்க்கக் கெட்டியாகத்தான் இருந்தது. அன்றைய வேலைக் குறிப்பில் 'அடித்தளம் சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் காலையில், தோண்டிப் பார்த்தீங்களா என்று விசில் அக்கா கேட்டார்.

"தோண்டிப் பார்த்தாச்சுக்கா. ஒண்ணுமில்ல, நல்ல கெட்டி மண்ணுதான்."

அந்தப் பொய் எவ்வளவு லகுவாக வந்தது என்பதைப் பின்னாளில் அவர் பலதடவை நினைத்துப் பார்த்தார். கண் தாழவில்லை. லாரியைப் பின்னுக்கு எடுக்கச் சொல்லிக் கையைக் காட்டிக்கொண்டே சொன்னார். விசில் அக்கா, அப்பாடா, ராத்திரியெல்லாம் அதே யோசனை என்று சொல்லிவிட்டுப் போனார்.

திறப்பு விழா சொன்ன தேதியில் நடந்தது. பிள்ளைகள் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு உருண்டார்கள். மகள் அன்றைக்கு ஒரு கோல் போட்டாள். போட்டுவிட்டு அப்பா எங்கே என்று கூட்டத்தில் தேடினாள். மாலையில் கிளப் ஆட்கள் இறங்கினார்கள். தொப்பை விழுந்தவர்களும் முடி நரைத்தவர்களும் பள்ளிப் பிள்ளைகளைவிட மோசமாகக் கத்தினார்கள். முதல் மழையில் தண்ணீர் ஒரு சொட்டு நிற்காமல் வடிந்ததைப் பார்க்க அக்கம்பக்கத்தார் குடையோடு வந்து நின்றார்கள். சூப்பர்வைசர் எல்லோருடைய கையையும் பிடித்துக் குலுக்கினார். குழியை அவர் மறந்தேபோனார்.

எட்டு மாதம் கழித்து, அடைமழை ஓய்ந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கிளப் ஆட்டத்தில் கேட் பக்கத்து கோலில் நின்ற கோல்கீப்பர் விழுந்தார். அவர் தொழிலில் தபால்காரர். இருபது வருஷமாகக் கிளப்புக்கு அவர்தான் கோல்கீப்பர். பந்தைத் தட்டிவிடத் தாவியவர் திரும்பத் தரையில் இறங்கும்போது, தரை இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. கால் பள்ளத்தில் இறங்க, உடம்பு வேறு பக்கம் திரும்ப, முழங்கால் முறுக்கிக்கொண்டது. அறுவைச் சிகிச்சை செய்தார்கள். நடக்கலாம், ஆனால் தினமும் படி ஏறி இறங்கித் தபால் கொடுக்கும் வேலை இனி முடியாது என்றார் டாக்டர்.

கமிட்டி கம்பெனியைக் கூப்பிட்டது. அளந்து பார்க்கப் போனதும் சூப்பர்வைசர்தான். சமம் பார்க்கும் மூன்று மீட்டர் நீள அலுமினியக் கட்டையைக் கம்பளத்தின் மேல் வைத்தார். கட்டைக்கும் புல்லுக்கும் நடுவில் அவருடைய இரண்டு விரல்கள் தாராளமாக நுழைந்தன. குத்துக்காலிட்டு உட்கார்ந்து கம்பளத்தை அமுக்கிப் பார்த்தார். கம்பளத்தில் குறையில்லை, ரப்பரில் குறையில்லை. அடியில் இருந்த ஜல்லியே கீழே இறங்கியிருந்தது. கட்டையை எடுக்கத் தெரியாதவர் போல அவர் வெகுநேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தார்.

மேனேஜர் வேறொன்றைக் கண்டுபிடித்து வைத்திருந்தார். துகள்கள் ஒரே சீராகப் பரவியிருக்க வேண்டும் என்றால் வாரம் இரண்டு தடவை பிரஷ் வண்டியை ஓட்ட வேண்டும். பராமரிப்புப் பதிவேட்டில் மூன்று வாரம் காலியாக இருந்தது. பிரஷ் உடைந்துவிட்டது என்று விசில் அக்கா ஆபீசில் இரண்டு தடவை வாயால் சொல்லியிருக்கிறார், எழுதிக் கொடுக்கவில்லை. துகள் ஒதுங்கியதால் ஏற்பட்ட பள்ளம், காரணம் பராமரிப்புக் குறை என்று மேனேஜர் ஒரு அறிக்கை அடித்தார். கீழே அளந்தவர் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தார்.

"இது அப்படியில்லைன்னு தோணுது சார்," என்றார் சூப்பர்வைசர்.

"தோணுறதை எழுத முடியாது. அடித்தளம் சரின்னு நீதானே எழுதியிருக்க? இப்போ மாத்திச் சொல்லப்போறியா?"

சூப்பர்வைசர் கையெழுத்துப் போட்டார்.

பள்ளத்தைச் சரிசெய்யும் வரை மைதானத்தை மூடிவிட்டு, விசில் அக்காவை அங்கிருந்து எடுத்து, வகுப்பறை நடைகளைத் துடைக்கும் வேலைக்குப் போட்டார்கள்.

அதற்குப் பிறகு சூப்பர்வைசருக்கு எதுவும் ருசிக்கவில்லை. மருந்துக் கடையில் வேலை பார்க்கும் அவர் மனைவி ஒருநாள் அவசரத்தில் குழம்பில் உப்புப் போட மறந்துவிட்டாள். அவர் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். மகள் ஒரு வாய் வைத்துவிட்டுத் தட்டைத் தள்ளினாள். மனைவி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, என்னதான் ஆச்சு உங்களுக்கு என்று கேட்டாள். வேலை ஜாஸ்தி என்றார். இந்தப் பொய்யும் லகுவாகத்தான் வந்தது. அதுதான் அவரைப் பயமுறுத்தியது.

மனது கேட்காமல் ஒருநாள் பழம் வாங்கிக்கொண்டு தபால்காரரைப் பார்க்கப் போனார். லிப்ட் இல்லாத கட்டடத்தில் மூன்றாவது மாடி. தபால்காரர் காலை ஒரு ஸ்டூலில் நீட்டிக்கொண்டு, ஜன்னல் ஓரமாக உட்கார்ந்திருந்தார். மைதானம் போட்டவரே பார்க்க வந்திருக்கிறார் என்று அவருக்கு ரொம்பச் சந்தோஷம். மனைவியைக் கூப்பிட்டு அறிமுகப்படுத்தினார். இந்த மைதானம் வந்த பிறகுதான் தனக்குப் பத்து வயசு குறைந்தது என்றார். அடிபட்டதைப் பற்றிப் பேச்சு வந்தபோது, வயசான காலத்தில் அவ்வளவு தாவியிருக்கக் கூடாது என்று தன்னையே கிண்டல் செய்துகொண்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அந்த விசிலம்மா மேல எனக்குக் கோவம் இல்ல சார். ஆனா ஒரு பிரஷ் ஓட்டுறதுல என்ன சோம்பல் சொல்லுங்க," என்றார்.

சூப்பர்வைசர் வாயைத் திறந்தார். அந்த நேரம் தபால்காரரின் மனைவி காபியைக் கொண்டுவந்து வைத்தாள். அவர் காபியைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டார். படிகளில் இறங்கும்போது கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டே இறங்கினார்.

அந்த வாரக் கடைசியில் மகள் சாப்பிடும்போது ஏதோ பேச்சுவாக்கில் சொன்னாள். விசில் அக்கா நடையைத் துடைத்துக்கொண்டு போகும்போது பெரிய வகுப்புப் பிள்ளைகள் பின்னாலிருந்து வாயால் விசிலடிக்கிறார்களாம். திரும்பிப் பார்த்தால் சிரிக்கிறார்களாம். அவர் இப்போது கழுத்தில் விசிலை மாட்டிக்கொண்டு வருவதில்லையாம்.

"நீயும் அடிச்சியா?" என்று கேட்டார் சூப்பர்வைசர்.

மகள் தட்டில் சோற்றைப் பிசைந்தாள். "ஒரே ஒரு தடவைப்பா. அவங்களாலதானே மைதானத்தை மூடி வெச்சிருக்காங்க."

அவர் அவளைத் திட்டவில்லை. திட்டத் தனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்று நினைத்தார்.

மறுநாள் பள்ளி விடும் நேரத்துக்குப் போனார். விசில் அக்கா இரண்டாவது மாடி நடையின் கோடியில் வாளியைக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். இவரைப் பார்த்ததும் வாங்க சார் என்றார், பழைய மரியாதையோடு. என்ன பேசுவது என்று தெரியாமல் சூப்பர்வைசர், கமிட்டியில் அவரை என்ன கேட்டார்கள் என்று விசாரித்தார்.

"பள்ளம் ஏன் வந்துச்சுன்னு கேட்டாங்க. பிரஷ் உடைஞ்சதைச் சொன்னேன், யாரும் நம்பல. பழைய குழி ஞாபகம் வந்துச்சு. சொல்லலாம்னு வாய் வரைக்கும் வந்துச்சு. ஆனா நீங்கதான் தோண்டிப் பார்த்துட்டீங்களே. பார்த்த மனுஷன் ஒண்ணுமில்லைன்னு சொன்னப்புறம், நான் தப்பிக்கிறதுக்காக அதை இழுக்கக் கூடாதுன்னு விட்டுட்டேன்."

அதுவரை சூப்பர்வைசர் நினைத்திருந்தது வேறு: குழியைப் பற்றி விசில் அக்கா சொல்லியிருப்பார், யாரும் காதில் போட்டுக்கொண்டிருக்க மாட்டார்கள் என்று. தன் வார்த்தையை நம்பித்தான் அவர் வாயை மூடிக்கொண்டார் என்பது மனதில் இறங்கச் சற்று நேரம் பிடித்தது.

"நான் தோண்டலைக்கா," என்றார். "தோண்டவே இல்ல. ரோலரை ஓட்டிப் பார்த்தேன், அமுங்குச்சு. அமுங்குச்சுன்னு தெரிஞ்சேதான் மேல ஜல்லியைப் போட்டேன்."

விசில் அக்கா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்து வைத்தார். அது சரிந்து விழுந்தது. எடுத்து மறுபடியும் வைத்தார். அவர் திட்டுவார், அழுவார், ஏதாவது செய்வார் என்று சூப்பர்வைசர் காத்திருந்தார்.

"இதை எங்கிட்ட எதுக்கு சார் சொல்றீங்க?" என்றார் அவர் கடைசியில். "எனக்குத் தெரிஞ்சு என்ன ஆகப்போகுது? தெரிய வேண்டியவங்க கீழ ரூம்ல இருக்காங்க."

தலைமை ஆசிரியை அப்போதுதான் கைப்பையை மாட்டிக்கொண்டு கிளம்பிக்கொண்டிருந்தார். சூப்பர்வைசர் அவரை உட்காரச் சொல்லிவிட்டு, நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னார். எழுதித் தர முடியுமா என்று கேட்டார் தலைமை ஆசிரியை. சூப்பர்வைசர் அங்கேயே ஒரு தாளை வாங்கி எழுதினார். முதல் வரியை அடித்துவிட்டு மறுபடி எழுதினார். பிறகு எழுத்து ஓடியது. கையெழுத்துப் போட்ட பிறகு மனசு லேசாகும் என்று எதிர்பார்த்தார். ஆகவில்லை. ஒரு சுமையை இறக்கி இன்னொன்றைத் தூக்கிக்கொண்டது போலத்தான் இருந்தது.

வீட்டில் அன்றைக்கே சொன்னார். மனைவி கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, வேலை போகுமா என்று மட்டும் கேட்டாள். போகும் என்றார். போனால் போகட்டும், வேற பார்த்துக்கலாம் என்றவள், அந்தம்மா முகத்தில் இனி எப்படி முழிப்பீங்க என்று கேட்டுவிட்டு எழுந்து போனாள். மகள் அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள், தான் விசில் அக்காவிடம் போய் மன்னிப்புக் கேட்டதாகச் சொன்னாள். அவர் என்ன சொன்னார் என்று கேட்டதற்கு, ஷூ லேஸைக் கட்டு, தடுக்கி விழுந்துடாதேன்னு சொன்னாங்க என்றாள்.

வேலை போனது. மேனேஜர் சத்தம் போடவில்லை. சாவியை மேசையில் வைத்துவிட்டுப் போ என்றார். அந்த மூலையில் கம்பளத்தை அறுத்து, ரப்பரைச் சுருட்டி, ஜல்லியை அள்ளினார்கள். குழியின் ஆழம் ஆள் உயரத்தைத் தாண்டியது. உடைந்த செங்கல்லுக்கு நடுவே நிறைய வெற்றிடம். கை விட்டால் தோள் வரை போனதாம். கம்பெனி தன் பொறுப்பில் சரிசெய்து தருவதாக ஒப்புக்கொண்டது. அதற்காக மேலும் ஆறு வாரம் மைதானம் மூடிக் கிடந்தது. பள்ளி அணி அந்த வருஷப் போட்டிகளில் ஆடவில்லை. விசில் அக்காவுக்கு அவர் வேலை திரும்பக் கிடைத்தது.

தபால்காரரைப் பார்க்க இரண்டாம் தடவை போனபோது சூப்பர்வைசர் எதுவும் வாங்கிக்கொண்டு போகவில்லை. தபால்காரருக்கு விஷயம் தெரிந்திருந்தது. உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார். அவருக்குத் தபால் பிரிக்கும் மேசையில் வேலை கொடுத்திருந்தார்கள். மன்னித்துக்கொள்ளுங்கள் என்ற வார்த்தையை வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த சூப்பர்வைசருக்கு, அந்த முழங்காலைப் பார்த்ததும் அது வாயில் வரவில்லை. தபால்காரரே பேசினார்.

"அன்னைக்கு வந்தீங்களே, அப்பவே சொல்லியிருக்கலாம். நான் பாட்டுக்கு அந்தம்மாவைச் சோம்பேறின்னு சொன்னேன். நீங்க காபியைக் குடிச்சிட்டுப் போயிட்டீங்க. காலுக்கு ஆனதைக்கூட விட்டுடலாம் சார். அதைத்தான் என்னால விட முடியல."

இப்போது அவர் வேறொரு காண்ட்ராக்டரிடம் சின்ன வேலைகள் பார்க்கிறார். நடைபாதை, வடிகால் மூடி, இப்படி. சம்பளம் குறைவுதான். மைதானம் மறுபடி திறந்த பிறகு வந்த முதல் பெருமழை ஒரு சனிக்கிழமை காலை பெய்து ஓய்ந்தது. அவரால் வீட்டில் உட்கார முடியவில்லை. பள்ளிக்குப் போய்க் கம்பி வலைக்கு வெளியே நின்று அந்த மூலையைப் பார்த்தார். அங்கிருந்து ஒன்றும் தெரியவில்லை. எல்லாம் ஒரே பச்சையாக இருந்தது.

விசில் அக்கா பிரஷ் வண்டியை நிறுத்திவிட்டு வந்தார். கேட்டைத் திறந்தார். வாங்க என்றும் சொல்லவில்லை, போங்க என்றும் சொல்லவில்லை. பள்ளி இப்போது வாங்கி வைத்திருந்த அலுமினியக் கட்டையை எடுத்து நீட்டினார். அவர் அதை வாங்கி அந்த மூலையில் வைத்து, ஈரத்தில் குப்புறப் படுத்துக் கட்டைக்கு அடியில் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்தார். குறுக்கே வைத்தும் பார்த்தார். ஐந்து இடங்களில் பார்த்தார்.

"சமமா இருக்குக்கா," என்றார் எழுந்து, சட்டையெல்லாம் துகள் ஒட்ட.

விசில் அக்கா தலையை ஆட்டினார். பிறகு கட்டையை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, அவர் பார்த்த அதே ஐந்து இடங்களிலும் ஒவ்வொன்றாக வைத்து, தானே குனிந்து பார்த்தார். அவர் முடிக்கும் வரைக்கும் சூப்பர்வைசர் ஓரமாக நின்றுகொண்டிருந்தார்.